மௌனமாகக் கிடக்கும் இணைப்பை எப்போது வெட்டுவது?

கேள்வி: நாமக்கல்லில் ஒரு சிறிய நிறுவனத்தில் ப்ரோகிராமராக இருக்கிறேன். 400 லாரிகளில் பொருத்திய ஜிபிஎஸ் கருவிகளிடமிருந்து தகவல் வாங்கும் சர்வரைப் பைத்தானில் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு டிசிபி இணைப்பு, அதைக் கவனிக்கத் தனியாக ஓடும் ஒரு திரெட். என் மேஜையில் சோதித்தபோது எல்லாம் சரியாக நடந்தது. கிளையன்ட்டைக் கன்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்தினால் சர்வர் உடனே கண்டுகொண்டது. ஆனால் லாரிகளில் பொருத்திய பிறகு, மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை இணைப்புகளின் எண்ணிக்கை 1,000-ஐத் தாண்டுகிறது. ‘டூ மெனி ஓபன் ஃபைல்ஸ்’ என்ற பிழை லாகில் கொட்டுகிறது, சிபியு முழு வேகத்தில் ஓடுகிறது, புதிதாக எந்த லாரியும் இணைய முடிவதில்லை. சர்வரை நிறுத்தித் தொடங்கினால் சரியாகிறது. 30 விநாடி பேசாத இணைப்பை வெட்டிவிடச் சொன்னார் நண்பர் ஒருவர். அப்படிச் செய்ததும், நின்றுகொண்டிருக்கும் லாரிகள் எல்லாம் ஓயாமல் துண்டிக்கப்பட்டுத் திரும்பத் திரும்ப இணைகின்றன. சிம் டேட்டா செலவு ஏறிவிட்டது. சரியான டைம்-அவுட் எவ்வளவு? டிசிபி கீப்-அலைவை மட்டும் போட்டுவிட்டால் போதாதா? எல்லாவற்றையும் அசிங்க்ஐஓ-வுக்கு மாற்ற வேண்டுமா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

சரியான டைம்-அவுட் என்று ஒரே ஓர் எண் கிடையாது. உங்கள் நண்பர் சொன்ன 30 விநாடியும் தவறான எண் அல்ல, இடம் மாறி உட்கார்ந்த எண். இன்னும் லாக்-இன் செய்யாத இணைப்புக்கு அது பொருத்தமானது. லாக்-இன் செய்துவிட்டு சுமை இறக்கக் காத்து நிற்கும் லாரிக்கு அது அநியாயம். எந்தக் கட்டத்தில் வரும் மௌனம் என்று பிரித்துப் பார்க்கத் தொடங்கினால் உங்கள் மூன்று கேள்விகளுக்குமே வழி தெரிந்துவிடும்.

மேஜையில் செய்த சோதனை ஏன் ஏமாற்றியது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். கன்ட்ரோல்-சி அழுத்தும்போது சாவது கிளையன்ட் ப்ரோகிராம் மட்டும்தான். அந்தக் கணினியின் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதி, உயிரோடு இருக்கிறது. செத்த ப்ரோகிராம் திறந்துவைத்திருந்த சாக்கெட்டுகளை, அதாவது இணைப்பின் முனைகளை, அது தானே மூடி, மறுமுனைக்கு ஃபின் பாக்கெட் அனுப்பி முறைப்படி விடைபெறுகிறது. தகவலுக்காகக் காத்திருக்கும் உங்கள் ரிசீவ் அழைப்பு வெற்று பைட்டுகளுடன் திரும்புகிறது, திரெட் முடிகிறது. எல்லாம் ஒழுங்கு.

லாரியில் நடப்பது வேறு. ஓட்டுநர் பேட்டரியைக் கழற்றுகிறார். வண்டி மலைப்பாதையில் ஏறி, சிக்னல் இல்லாத இடத்துக்குப் போகிறது. கருவியின் மோடம் தானாகவே ரீசெட் ஆகிறது. மொபைல் நிறுவனத்தின் நாட் பெட்டி (பல கருவிகளை ஒரே இணைய முகவரி வழியாக வெளியே அனுப்புவது), வெகுநேரம் பேச்சில்லாத இணைப்பைத் தன் அட்டவணையிலிருந்து நீக்கிவிடுகிறது. இந்த நேரங்களில் உங்கள் சர்வருக்குத் தகவல் சொல்ல யாருமே இல்லை. உங்கள் பக்கத்தில் இணைப்பு ‘எஸ்டாப்ளிஷ்டு’ என்றே இருக்கும். திரெட் ரிசீவில் உட்கார்ந்து காத்துக்கொண்டே இருக்கும், அடுத்த மாதம் வரை ஆனாலும்.

இதை டிசிபியின் குறை என்று நினைக்க வேண்டாம். வேண்டுமென்றே அப்படி வடிவமைத்தார்கள். சொல்ல எதுவும் இல்லாதபோது டிசிபி ஒரு பாக்கெட்டும் அனுப்பாது. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று இடையிடையே தட்டிப் பார்க்கும் கீப்-அலைவ் வசதியைப் பற்றி 1989 அக்டோபரில் வந்த ஆர்எஃப்சி 1122 என்ற இணைய விதி ஆவணம் பேசுகிறது. அந்த வசதி இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை, இருந்தாலும் யாரும் கேட்காதவரை அணைந்திருக்க வேண்டும், தட்டும் இடைவெளி இயல்பில் இரண்டு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்கிறது அது. இவ்வளவு தயங்குவதற்கு மூன்று காரணங்களையும் சொல்கிறது. நெட்வொர்க் சற்று நேரம் தடுமாறினாலே நல்ல இணைப்பும் அறுந்துபோகலாம், அலைவரிசை வீணாகும், பாக்கெட்டுக்குக் காசு வாங்கும் பாதையில் பணம் செலவாகும். 30 விநாடிக் கட்டுப்பாடு போட்ட பிறகு உங்கள் சிம் பில்லில் தெரிவது இந்த மூன்றாவது காரணம்தான்.

இனி உங்கள் 1,000 கணக்குக்கு வருவோம். லினக்ஸில் ஒரு ப்ராசஸ் திறந்துவைக்கக்கூடிய ஃபைல் டிஸ்கிரிப்டர்களின் (திறந்த ஒவ்வொரு ஃபைலுக்கும் இணைப்புக்கும் கெர்னல் தரும் எண்) வழக்கமான வரம்பு 1,024. உயிருள்ள 400 இணைப்புகள் போக மீதம் 600 சொச்சம். லாரிக்கு ஒன்றரைச் செத்த இணைப்பு சேர்ந்தால் கதை முடிந்தது. சிக்னல் போய் வரும்போதெல்லாம் கருவி புதிய இணைப்பைத் தொடங்குகிறது, பழையது உங்களிடம் அப்படியே கிடக்கிறது. பந்தியில் எழுந்து போனவரின் இலையை எடுக்காமல், அவரே திரும்பி வந்தபோது இன்னோர் இலை போட்டுக்கொண்டிருந்தால் எவ்வளவு பெரிய மண்டபமும் நிரம்பத்தான் செய்யும்.

ஆனால் இதை என் ஊகமாக விட்டுவிட வேண்டாம். அடுத்த முறை எண்ணிக்கை 900-ஐ நெருங்கும்போது, சர்வரை நிறுத்தித் தொடங்குவதற்கு முன், இணைப்புகளைப் பட்டியலிடும் ‘எஸ்எஸ்’ கட்டளையை டி, என், ஓ, ஏ ஆகிய சுட்டுகளுடன் ஓட்டி, உங்கள் போர்ட்டில் உள்ள இணைப்புகளை நிலைவாரியாக எண்ணிப் பாருங்கள். பெரும்பாலானவை ‘எஸ்டாப்ளிஷ்டு’ என்றால் நான் மேலே சொன்னதுதான் நோய். ‘குளோஸ்-வெயிட்’ நிலையில் கூட்டமாக நின்றால் நோய் வேறு. எதிர்முனை முறையாக ஃபின் அனுப்பிவிட்டது, உங்கள் கெர்னலும் வாங்கிக்கொண்டது, குளோஸை அழைக்காமல் விட்டது உங்கள் ப்ரோகிராம் என்று அதற்குப் பொருள். எந்த டைம்-அவுட்டும் அதற்கு மருந்தாகாது. ரிசீவ் வெற்று பைட்டுகளைத் தந்ததும் வளையத்தை விட்டு வெளியேறுகிறீர்களா, நடுவில் எந்தப் பிழை எழுந்தாலும் கடைசியில் ‘ஃபைனலி’ பகுதியில் குளோஸ் நடக்கிறதா என்று பாருங்கள். வெற்று பைட்டு வந்தபோது ‘கன்டினியூ’ என்று எழுதிய ஒரு வரி முழு சிபியுவையும் விழுங்கிவிடும்.

மூன்றாவதாக ஒரு கூட்டமும் கண்ணில் படும்: எந்த லாரிக்கும் சொந்தமில்லாத இணைப்புகள். பொது இணையத்தில் திறந்துவைத்த போர்ட்டை யாராவது வந்து துழாவிக்கொண்டே இருப்பார்கள். சிலர் இணைந்துவிட்டு ஒன்றும் பேசாமல் நிற்பார்கள், சிலர் வெப் சர்வர் என்று நினைத்து எச்டிடிபி கோரிக்கை அனுப்புவார்கள். உங்கள் திரெட் இவர்களுக்காகவும் காத்திருக்கிறது.

இப்போது வைத்தியம். டைம்-அவுட்டுக்கு முன்பே செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. என் கணிப்பில் உங்கள் சிக்கலின் பெரும்பகுதியை அதுவே தீர்த்துவிடும். ஜிபிஎஸ் கருவி லாக்-இன் செய்யும்போது தனக்கே உரிய ஐஎம்இஐ எண்ணைச் சொல்கிறது. அதே எண்ணில் ஏற்கெனவே ஓர் இணைப்பு உங்களிடம் இருந்தால், அது செத்துவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஒரு கருவி ஒரே நேரத்தில் இரண்டு இணைப்பு வைத்துக்கொள்வதில்லை. புதியது வந்த கணமே பழையதை முடித்துவிடுங்கள். கடிகாரமே தேவையில்லை, ஊகமும் தேவையில்லை. அதன் பிறகு ஒரு லாரிக்கு ஒரு செத்த இணைப்புக்கு மேல் சேர வழியே கிடையாது.

இதைச் செய்யும்போது இரண்டு இடங்களில் கால் இடறும். பழைய இணைப்பின் திரெட் ரிசீவில் முடங்கிக் கிடக்கிறது. புதிய இணைப்பின் திரெட்டிலிருந்து பழைய சாக்கெட்டை நேரடியாகக் குளோஸ் செய்தால், லினக்ஸில் அந்தப் பழைய திரெட் விழித்துக்கொள்ளாது. அது பாட்டுக்குத் தூங்கும். அதைவிட மோசம், விடுபட்ட டிஸ்கிரிப்டர் எண்ணைக் கெர்னல் அடுத்து வரும் லாரிக்குக் கொடுத்துவிடும். ஒருவர் எண்ணை இன்னொருவர் பிடித்துக்கொண்டிருக்கும் குழப்பம் அதிலிருந்து தொடங்கும். அதனால் பழைய சாக்கெட்டில் இரு திசைகளுக்குமான ‘ஷட்டவுன்’ மட்டும் செய்யுங்கள். ரிசீவ் உடனே வெற்று பைட்டுகளுடன் திரும்பும், பழைய திரெட் தன் வழக்கமான பாதையில் வெளியேறித் தன் சாக்கெட்டைத் தானே மூடிக்கொள்ளும். எந்தத் திரெட்டின் சாக்கெட்டோ அந்தத் திரெட்தான் குளோஸ் செய்ய வேண்டும் என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது இடறல் இன்னும் நுட்பமானது. ஐஎம்இஐ எண்ணிலிருந்து இணைப்பைக் காட்டும் அகராதி ஒன்று வைத்திருப்பீர்கள். வெளியேறும் திரெட் அதிலிருந்து தன் பதிவை நீக்கும். பழைய திரெட் தாமதமாக விழித்து, ‘என் ஐஎம்இஐ எண்ணை நீக்கு’ என்று செய்தால், நீங்குவது புதிய இணைப்பின் பதிவு. லாரி நல்லபடியாகத் தகவல் அனுப்பிக்கொண்டிருக்கும், திரையில் ‘ஆஃப்லைன்’ என்று காட்டும். நீக்குவதற்கு முன், அகராதியில் இருப்பது என் சாக்கெட்தானா என்று, வேறு திரெட் குறுக்கிடாதபடி பூட்டைப் பிடித்துக்கொண்டு, ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த ஒரு வரி இல்லாத சர்வர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து டைம்-அவுட். இங்கே பலரும் செய்வது, ரிசீவுக்கு ஒரு நேரத்தைக் கொடுத்துவிட்டுப் போவது. அந்த நேரம் ஒவ்வொரு ரிசீவ் அழைப்புக்கும் புதிதாகத் தொடங்குகிறது. 29 விநாடிக்கு ஒரு பைட் அனுப்பிக்கொண்டிருக்கும் கிளையன்ட் 30 விநாடிக் காவலை என்றைக்கும் மீறுவதில்லை, என்றைக்கும் ஒரு முழுச் செய்தியும் தருவதில்லை. 2009-இல் ராபர்ட் ஹேன்சன் வெளியிட்ட ‘ஸ்லோலோரிஸ்’ தாக்குதல் இந்த ஓட்டையில்தான் புகுந்தது. கோரிக்கையின் தலைப்பு வரிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பி, முடிக்காமலே வைத்திருந்து, அப்பாச்சி வெப் சர்வரின் திரெட்களை எல்லாம் ஒரே கணினியால் கட்டிப்போட முடிந்தது. உங்களுக்கு எதிரி இல்லாமல் இருக்கலாம். பலவீனமான சிக்னலில் பாதிச் செய்தியோடு நின்றுபோன மோடமும் அதே விளைவைத்தான் தரும்.

எனவே ‘எவ்வளவு நேரம் காத்திருக்கலாம்’ என்று வைக்காமல், ‘எத்தனை மணிக்குள்’ என்று கெடு வையுங்கள். ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரே ஒரு மாறி போதும்: கெடு நேரம். ஒவ்வொரு ரிசீவுக்கு முன்பும் கெடுவிலிருந்து இப்போதைய நேரத்தைக் கழித்து, மீதத்தை மட்டும் சாக்கெட்டின் டைம்-அவுட்டாகக் கொடுங்கள். மீதம் பூஜ்யமோ அதற்குக் கீழோ போயிருந்தால் ரிசீவை அழைக்காமலே மூடிவிடுங்கள். பைத்தானில் பூஜ்ய டைம்-அவுட் என்றால் ‘காத்திராத சாக்கெட்’ என்று பொருள் மாறிவிடும், எதிர்மறை எண் கொடுத்தால் பிழை எழும். நேரத்தைக் கணக்கிட, சிஸ்டம் நேரத்தை மாற்றினாலும் தாவாத மோனோட்டோனிக் கடிகாரத்தை மட்டும் பயன்படுத்துங்கள். சுவர்க்கடிகார நேரத்தைப் பயன்படுத்தினால், சர்வரின் நேரம் சரிசெய்யப்படும் ஒரு கணத்தில் 400 கெடுவும் ஒன்றாகத் தீர்ந்து 400 லாரியும் ஒரே மூச்சில் வெட்டுப்படும்.

கெடு எப்போது நகர வேண்டும் என்பதுதான் உயிர்நாடி. பைட் வந்ததற்காக அது நீளக் கூடாது. நிலை மாறும்போது மட்டும் மாற வேண்டும்.

உங்கள் கருவிகள் சந்தையில் அதிகம் புழங்கும் ஜிடி06 வகை நெறிமுறையைப் பேசுபவை என்று வைத்துக்கொள்கிறேன். வேறாக இருந்தாலும் தர்க்கம் ஒன்றே. அதில் ஒரு லாக்-இன் பாக்கெட் மொத்தமே 18 பைட்: தொடக்கத்தில் பதினறும எண்களில் 78 78, பிறகு நீளம் 0டி, பிறகு பாக்கெட் வகை 01, பிறகு ஐஎம்இஐ எண்ணுக்கு 8 பைட், வரிசை எண், பிழைச்சரிபார்ப்பு, கடைசியில் 0டி 0ஏ. இணைப்பை ஏற்றதும் கெடுவை 30 விநாடி தள்ளி வையுங்கள். மெதுவான 2ஜி இணைப்பில்கூட 18 பைட் அனுப்ப அது தாராளம். முதல் இரண்டு பைட் 78 78 ஆக இல்லாவிட்டால் கெடுவரை காத்திருக்கவும் வேண்டாம், உடனே மூடுங்கள். துழாவ வருபவர்கள் இதிலேயே கழன்றுபோவார்கள்.

லாக்-இன் வெற்றி பெற்றால் கெடு சில நிமிடங்கள் தள்ளிப்போகட்டும். எத்தனை என்பதைக் கீழே சொல்கிறேன். அடுத்த செய்தியின் முதல் பைட் வந்த கணத்தில் கெடுவை 20 அல்லது 30 விநாடிக்குக் குறைத்துவிடுங்கள். பேச ஆரம்பித்தவர் பேசி முடிக்க வேண்டும். செய்தி முழுமையாக வந்து, பிழைச்சரிபார்ப்பும் சரியாக இருந்தால் மீண்டும் நீண்ட கெடு. இவ்வளவுதான். உங்கள் வளையத்தில் பத்துப் பன்னிரண்டு வரி மாறும்.

அந்த நீண்ட கெடு எவ்வளவு? கருவியிடம் கேளுங்கள். இரவில் எங்கோ நிற்கும் ஒரு லாரியின் லாகை எடுத்து, வகை 13 என்று வரும் ஹார்ட்பீட் (‘இருக்கிறேன்’ என்று மட்டும் சொல்லும்) பாக்கெட்டுகளுக்கு இடையில் எவ்வளவு நேரம் போகிறது என்று பாருங்கள். மூன்று நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். இதுபோன்ற கருவிகள் பேசும் இன்னொரு நெறிமுறையான எம்க்யூடிடியில் கிளையன்ட் ஒப்புக்கொண்ட இடைவெளியைப் போல ஒன்றரை மடங்கு நேரம் எதுவும் வராவிட்டால் சர்வர் இணைப்பை வெட்ட வேண்டும் என்பது விதி. அப்படிப் பார்த்தால் நாலரை நிமிடம். ஓடும் லாரிக்கு அது இறுக்கம் என்பது என் கருத்து. ஒரு ஹார்ட்பீட் தவறினாலே இணைப்பு போய்விடும். மூன்று இடைவெளி கொடுங்கள், மேலே ஒரு நிமிடம் சேர்த்துப் பத்து நிமிடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு தாராளம் என்று கேட்கலாம். இரு பக்கத்துச் செலவையும் எடைபோட்டுப் பாருங்கள். செத்த இணைப்பைப் பத்து நிமிடம் கூடுதலாக வைத்திருந்தால் உங்களுக்கு ஆகும் செலவு ஒரு டிஸ்கிரிப்டர், தூங்கும் ஒரு திரெட். உயிருள்ள இணைப்பை அவசரப்பட்டு வெட்டினால் புதிய கைகுலுக்கல், லாக்-இன், பதில், கருவியின் பேட்டரி, சிம் டேட்டா எல்லாம் செலவு. ஆகவே அடையாளம் காட்டாதவரிடம் கறார், காட்டியவரிடம் பொறுமை.

ஆனால் லாரி உரிமையாளரின் திரையில் பத்து நிமிடம் பொய் காட்டக் கூடாது. இணைப்பு திறந்திருக்கிறது என்பதை ‘ஆன்லைன்’ என்று காட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ‘கடைசித் தகவல் 12.40’ என்று நேரத்தைக் காட்டுங்கள். நாலு நிமிடம் தாண்டினால் நிறத்தை மாற்றுங்கள். சாக்கெட்டை மூடுவது சர்வரின் வீட்டு வேலை, லாரி எங்கே இருக்கிறது என்பது வாடிக்கையாளரின் கேள்வி. இரண்டையும் ஒரே டைம்-அவுட்டில் கட்டிப்போட்டதால்தான் பல நிறுவனங்கள் டைம்-அவுட்டைக் குறைத்துக்கொண்டே போகின்றன.

ஹார்ட்பீட்டுக்கு உங்கள் சர்வர் பதில் அனுப்புகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இந்த நெறிமுறையில் லாக்-இன்னுக்கும் ஹார்ட்பீட்டுக்கும் சர்வர் பதில் தர வேண்டும். வராவிட்டால் கருவியே இணைப்பை முறித்துப் புதிதாகத் தொடங்கும். பதில் அனுப்பாத சர்வர் தானே செத்த இணைப்புகளை உற்பத்தி செய்கிறது.

கீப்-அலைவ் கேள்விக்கு வருகிறேன். போடுங்கள், ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள். லினக்ஸில் சாக்கெட்டுக்கு அதை இயக்கிவிட்டு வேறெதையும் மாற்றாவிட்டால், 7,200 விநாடி மௌனத்துக்குப் பிறகே முதல் தட்டு; பிறகு 75 விநாடிக்கு ஒன்றாக 9 தட்டு; எதற்கும் பதில் இல்லாவிட்டால் இணைப்பு முறியும். மொத்தம் 2 மணி 11 நிமிடம் 15 விநாடி. சாக்கெட்டுக்குத் தனியாக இந்த மூன்று எண்களையும் மாற்றலாம். 300 விநாடி, 30 விநாடி, 4 தட்டு என்று வைத்தால் ஏழு நிமிடத்தில் தெரிந்துவிடும். அப்படியானால் ஹார்ட்பீட்டும் கெடுவும் எதற்கு? கீப்-அலைவுக்குப் பதில் சொல்வது எதிர்முனையின் டிசிபி அடுக்கு மட்டும். பல கருவிகளில் டிசிபி மோடத்துக்குள்ளேயே ஓடுகிறது, ஜிபிஎஸ் படிக்கும் ப்ரோகிராம் வேறு சில்லில் ஓடுகிறது. அந்தச் சில் முடங்கிப்போனாலும் மோடம் ‘இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும். லாரி இருக்கும் இடம் தெரியாத இணைப்பு உயிரோடு இருந்து உங்களுக்கு என்ன பயன்?

இன்னொன்று, நீங்கள் அனுப்பிய தகவல் ஒப்புகை பெறாமல் நிலுவையில் இருக்கும்போது கீப்-அலைவ் வேலை செய்வதில்லை. அப்போது பொறுப்பு மறு-அனுப்பல் டைமரிடம் போய்விடுகிறது. லினக்ஸின் இயல்பு அமைப்பில் அது கைவிட ஏறத்தாழ 15 நிமிடம் ஆகும். கருவிக்குக் கட்டளை அனுப்பும் வசதி வைத்திருந்தால் இது உங்களைக் கடிக்கும். செத்த இணைப்பில் செண்ட் அழைப்பு வெற்றி என்றே திரும்பும். பைட்டுகள் கெர்னலின் இடையகத்தில் ஏறின என்பது மட்டுமே அதன் பொருள். ‘டிசிபி யூசர் டைம்-அவுட்’ என்ற விருப்பத்தை 60 அல்லது 90 விநாடிக்கு வைத்தால், ஒப்புகை வராத இணைப்பைக் கெர்னல் அதற்குள் முறித்துவிடும். அது மில்லி விநாடியில் கேட்கும் என்பதை மறந்துவிடாதீர்கள். எப்படியிருந்தாலும், கருவி திருப்பி அனுப்பும் பதிலைப் பார்க்கும்வரை கட்டளை போய்ச் சேர்ந்தது என்று திரையில் காட்டாதீர்கள்.

நாட் பற்றி ஒரு சொல். நிலைபெற்ற டிசிபி இணைப்பை 2 மணி 4 நிமிடத்துக்கு முன் நாட் மறக்கக் கூடாது என்கிறது 2008-இல் வந்த ஆர்எஃப்சி 5382. கீப்-அலைவின் இரண்டு மணி நேரத்தை மனத்தில் வைத்துச் சொன்ன கணக்கு அது. நடைமுறையில் அந்த நீளத்தை எதிர்பார்க்க முடியாது. நாளைக்கே சர்வருக்கு முன்னால், வரும் இணைப்புகளைப் பல சர்வர்களுக்குப் பகிரும் கிளவுடின் லோட் பேலன்சரை வைத்தால், அமேசானின் நெட்வொர்க் லோட் பேலன்சர் இயல்பில் 350 விநாடி மௌனத்துக்குப் பிறகு இணைப்பை மறந்துவிடும். மைக்ரோசாஃப்டின் அஷூர் லோட் பேலன்சருக்கு அது 4 நிமிடம். கருவி மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை பேசினால் இரண்டிலும் தப்பிக்கும், ஐந்து நிமிடம் என்றால் அஷூரில் மாட்டும். ஆகவே டேட்டா மிச்சம் பிடிக்க ஹார்ட்பீட் இடைவெளியை நீட்டலாம் என்று யாராவது சொன்னால், நடுவில் இருக்கும் பெட்டிகளின் பொறுமையைக் கேட்டுவிட்டு நீட்டுங்கள்.

அசிங்க்ஐஓ-வுக்கு, அதாவது ஒரே திரெட்டில் பல இணைப்புகளைக் கவனிக்கும் பைத்தான் முறைக்கு, மாற வேண்டுமா? 400 லாரிக்கு வேண்டாம். தூங்கும் 400 திரெட் லினக்ஸுக்கு ஒரு சுமையே அல்ல. இப்போது மாற்றினால் செத்த இணைப்புச் சிக்கலும் கூடவே வரும், புதிய மொழியில். சும்மா இருக்கும் இணைப்பின் விலை என்ன என்பதுதான் மாற்றத்தை முடிவு செய்ய வேண்டும். அப்பாச்சியில் கோரிக்கைகளுக்கு இடையே காத்திருக்கும் இயல்பு நேரம் 5 விநாடி, இன்னொரு வெப் சர்வரான என்ஜின்எக்ஸில் 75 விநாடி. இணைப்புக்கு ஒரு ப்ராசஸையே நிறுத்திவைத்த வழக்கம் அப்பாச்சியின் வேர். என்ஜின்எக்ஸுக்குக் காத்திருப்பவர் என்றால் நினைவகத்தில் ஒரு சிறு பதிவு, அவ்வளவே. உங்கள் எண்ணிக்கை பத்தாயிரத்தை நோக்கிப் போகும்போது, ஒரே திரெட் பல சாக்கெட்டுகளைக் கவனிக்க உதவும் லினக்ஸின் இபோல் வழிக்கு மாறுங்கள். அப்போதும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் டைமரை அழித்து எழுத வேண்டாம். கெடு நீளம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்றால், முழுச் செய்தி அனுப்பியவரைச் சங்கிலிப் பட்டியலின் கடைசிக்கு நகர்த்துங்கள், கெடு தாண்டியவர்கள் எப்போதும் பட்டியலின் தலையில் நிற்பார்கள். விநாடிக்கு ஒரு முறை தலையை மட்டும் பார்த்தால் போதும்.

டிஸ்கிரிப்டர் வரம்பை 1,024-லிருந்து உயர்த்துங்கள். லினக்ஸில் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டி வழியாக ஓட்டினால் சேவைக் கோப்பிலேயே அதற்கு ஒரு வரி இருக்கிறது. ஆனால் செத்த இணைப்புகளைத் தீர்க்காமல் இதை மட்டும் செய்தால், நான்கு நாளில் வந்த நோய் நாற்பது நாளில் வரும். எங்காவது பல சாக்கெட்டுகளைக் கவனிக்க ‘செலெக்ட்’ பயன்படுத்தியிருந்தால் அதை ‘போல்’ ஆக மாற்றிவிட்டு உயர்த்துங்கள். 1,023-க்கு மேற்பட்ட டிஸ்கிரிப்டர் எண்ணைச் செலெக்ட் தாங்காது.

உங்கள் சிபியு ஏன் கொதித்தது என்பதும் இதோடு சேர்ந்ததுதான். வரம்பு தீர்ந்ததும், புதிய இணைப்பை ஏற்கும் அக்செப்ட் அழைப்பு பிழையுடன் திரும்புகிறது. காத்திருக்கும் லாரி வரிசையிலேயே நிற்கிறது. உங்கள் வளையம் பிழையை லாகில் எழுதிவிட்டு உடனே மீண்டும் அக்செப்ட் செய்கிறது, மீண்டும் அதே பிழை. விநாடிக்கு ஆயிரக்கணக்கில் இது நடந்து, சிபியுவோடு டிஸ்கையும் நிரப்பும். அந்தப் பிழை வந்தால் அரை விநாடி தூங்கவிட்டுத் தொடருங்கள்.

இதையெல்லாம் செய்த பிறகு கன்ட்ரோல்-சி-யால் சோதிக்காதீர்கள். இரண்டாவது கணினியில் கிளையன்ட்டை ஓட்டி, லாக்-இன் முடிந்ததும் அந்தக் கணினியின் ஃபயர்வாலான ஐபி டேபிள்ஸில் சர்வருக்குப் போகும் பாக்கெட்டுகளையும் வரும் பாக்கெட்டுகளையும் விழுங்கிவிடும் விதி ஒன்றைப் போடுங்கள். நிராகரிக்கும் விதி வேண்டாம், அது பதில் சொல்லிவிடும். சத்தமில்லாமல் கைவிடும் விதிதான் வேண்டும். பிறகு கிளையன்ட்டைக் கொன்றுவிட்டுச் சர்வர் பக்கத்தில் கடிகாரத்தைப் பாருங்கள். பத்தாவது நிமிடத்துக்குள் இணைப்பு மறைய வேண்டும், கீப்-அலைவ் எண்களைக் குறைத்திருந்தால் அதற்கு முன்பே. லாக்-இன் பாக்கெட்டின் முதல் ஐந்து பைட்டை மட்டும் அனுப்பிவிட்டு நிறுத்தியும் பாருங்கள், 30 விநாடிக்குள் வெட்டுப்பட வேண்டும். ஒரே ஐஎம்இஐ எண்ணில் இரண்டு முறை லாக்-இன் செய்து, அகராதியில் இரண்டாவது இணைப்பு நிலைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

புதிய ப்ரோகிராமை ஏற்றுவதற்காகச் சர்வரை நிறுத்தித் தொடங்கும்போது 400 கருவிகளும் சில விநாடிக்குள் ஒன்றாகத் திரும்பி வரும். ‘லிசன்’ அழைப்பில், ஏற்கக் காத்திருக்கும் வரிசையின் நீளத்தைப் பாடப்புத்தகங்களைப் பார்த்து 5 என்று போட்டிருந்தால் அதை 512 ஆக்குங்கள். உங்கள் கெர்னல் 5.4-க்கு முந்தையது என்றால் சிஸ்டத்தின் உச்சவரம்பு 128 ஆக இருக்கும், அதையும் சேர்த்து உயர்த்துங்கள். ஏற்றும் வேலையைப் பெரும்பாலான லாரிகள் ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்.